ரிக் வண்டிக் காற்றமுக்கி

ரிக் வண்டிக் காற்றமுக்கி என்பது ஆழ்துளைக் கிணறு தோண்டும் சரக்குந்தின் மேல் நிலையாகப் பொருத்தப்படும் காற்றமுக்கி ஆகும். பேச்சு வழக்கில் இது கம்ப்ரசர் எனப்படும். நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோடு ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊராகும். இவ்வூர் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று கிணறு தோண்டுகின்றன. கோயம்புத்தூரில் 1960 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எல்ஜி எக்விப்மென்ட்ஸ் நிறுவனம் இவ்வகைக் காற்றமுக்கிகளைத் தயாரிக்கிறது.

பயன்பாடு

கொங்கு நாட்டின் நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறையால் ஆனது. அழுத்தப்பட்ட காற்று துளைத்தண்டுகளின் உள்வழியே இறங்கி, துளையின் அடியிலுள்ள சுத்தியலை இயக்கிப் பாறையை உடைக்கிறது. பின்னர் அதே காற்று பாறைத்தூளையும் நீரையும் மேலே தள்ளுகிறது.

பொருத்தும் முறை

காற்றமுக்கியும் அதனை இயக்கும் டீசல் எஞ்சினும் ஒரே எஃகுச் சட்டத்தில் அமைக்கப்படும். அச்சட்டம், எடை அச்சுகளுக்கிடையே பகிரப்படும் வகையில், வண்டியின் சேசிஸுடன் போல்ட்டுகளால் பிணைக்கப்படும். காற்றுத் தொட்டியில் பாதுகாப்பு வால்வு இன்றியமையாதது. அழுத்தத்திலுள்ள குழாய் கழன்றால் சாட்டை போல் வீசி ஆளைக் கொல்லவும் கூடும். எனவே குழாய் இணைப்புகள் எஃகு வடத்தாலும் கட்டப்படுகின்றன.

அழுத்தமும் ஆழமும்

துளையில் நிற்கும் நீர் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 1 பார் எதிரழுத்தம் தருகிறது. ஆகவே 20 பார் (சுமார் 300 பிஎஸ்ஐ) காற்றமுக்கியால் 200 மீட்டர் நீரை அடியிலிருந்து தள்ள இயலாது. சுத்தியலும் அதற்கு முன்பே வலுவிழக்கும். நிலத்தடி நீர் குறைந்து கிணறுகள் ஆழமாகும்தோறும் பெரிய காற்றமுக்கியும் கூடுதல் டீசலும் தேவைப்படுகின்றன. அடிக்கணக்கில் பெறப்படும் தோண்டு கூலியும் ஆழத்துடன் உயர்கிறது. அச்சுமை உழவரையே சேர்கிறது.