தீராத வாயு

2024ஆம் ஆண்டுச் சித்திரையில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி குளிர்விக்க மறுத்தது. பார்க்க வந்தவர், "கேஸ் தீர்ந்துவிட்டது ஐயா; ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும்" என்று கூறி 3,000 ரூபாய் பெற்றுச் சென்றார். எங்கே போயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் எத்தனை முறை கேட்ட கேள்வி!

அவ்வாயு விளக்கெண்ணெயைப் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றுகிறது; அறையினுள் திரவம் ஆவியாகி வெப்பத்தைக் கவர்கிறது; வெளியே அழுத்தப்பட்டு, வெப்பத்தை உமிழ்ந்து, மீண்டும் திரவமாகிறது. குறைந்ததெனில் எங்கோ கசிவு உண்டு. மறு ஆண்டு அதே குறைக்கு வந்த வேறொருவர், இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழியைக் காட்டினார். முதல் 3,000 ரூபாய் காற்றோடு போனது!

குளிர் குறைந்தால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். தூசி அடைத்தால் காற்றோட்டம் குன்றும், மின்செலவு ஏறும், உட்சுருளில் பனியும் உறையும். மின்னிணைப்பை நிறுத்தி, பதினைந்து நாளுக்கொருமுறை அதனைக் கழற்றி அலசி, நிழலில் உலர்த்தி மாட்டலாம். என் பேத்தியே செய்கிறாள், காசு செலவில்லை. சுருள்களையும் வடிநீர்க் குழாயையும் கழுவுதற்குக் கோடைக்கு முன் கைதேர்ந்தவர் ஒருவர் வேண்டும். அக்கூலியில் சிக்கனம் பார்க்க வேண்டா. அவரும் கேஸ் குறைவென்றால், அழுத்தமானியைக் காட்டச் சொல்லுங்கள். கசிவு எங்கே என்றும் கேளுங்கள்.