மூர்த்தி சிறிது, வேகம் பெரிது!

ஒரு கார் என்ஜினின் உடற்பகுதியை ஏ-4 தாளின்மேல் உட்கார வைத்துவிடலாம் என்றால் நம்புவீர்களா? ஃபோர்டு கம்பெனியார் 2012-ல் ஐரோப்பாவில் வெளியிட்ட 'ஈகோபூஸ்ட்' என்ஜின் அப்படிப்பட்டதுதான். மூன்றே சிலிண்டர், கொள்ளளவு ஒரு லிட்டர்கூட இல்லை. ஆனால் சக்தியோ 125 குதிரைகளுக்குச் சமானம்!

இந்த மாயத்தைச் செய்வது டர்போ. வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் பூட்டிய இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், பலமும் கூடும். சக்கரத்தின் வேகம் நிமிஷத்துக்கு 2,48,000 சுற்று வரை!

மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு நடுக்கம் கூடப் பிறந்த வியாதி. இங்கிலாந்தில் டன்டன் என்னும் ஊரிலுள்ள ஃபோர்டு நிபுணர்கள் அதற்கொரு யுக்தி செய்தார்கள். ஃப்ளைவீலையும் கப்பியையும் வேண்டுமென்றே சமனில்லாமல் அமைத்தார்கள். முள்ளை முள்ளால் எடுத்த கதைதான்! 2012, 2013, 2014 மூன்று ஆண்டுகளும் உலகின் சிறந்த என்ஜின் என்ற பரிசு இதற்கே கிடைத்தது.

ஆனால் ஒரு குறை. வால்வுகளை இயக்கும் பெல்ட், உராய்வு குறைவதற்காக எண்ணெயில் நனைந்தபடியே ஓடும். தகாத எண்ணெய் ஊற்றினாலும், பழைய எண்ணெயை மாற்றாமல் விட்டாலும் பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து எண்ணெய் வழியை அடைத்துவிடும். அப்புறம் என்ஜினே பாழ்! பிற்பாடு வந்தவற்றில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வைத்தார்கள்.

2013-ல் இந்தியாவில் வெளிவந்த ஈகோஸ்போர்ட் கார்கள் சிலவற்றிலும் இந்த என்ஜின் உண்டு. உங்கள் வீட்டு வாசலில் அப்படியொன்று நின்றால், எண்ணெய் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். ஓட்டுகிறவர் நீங்களேயானாலும் சரி!