மலையோடையும் மின்னொளியும்

மாத்தளை நகருக்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. மடக்கிய கைவிரல் முட்டிகளை ஒத்த தோற்றத்தினால் ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரை இட்டனர். மாத்தளைப் பக்கத்துச் சரிவுகளிற் பிறக்கும் ஓடைகள் பல சுது கங்கையிலும் களு கங்கையிலும் கலந்து, அம்பன் கங்கை வழியே மகாவலியை அடைகின்றன.

இத்தகைய ஓடைகளிலிருந்து மின்சாரம் பெறுதல் புதுமையன்று. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் தமக்கெனச் சிறு நீர்மின் பொறிகளை அமைத்துக்கொண்டன. தேயிலைக் கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் அவற்றாற் சுழன்றன. துரையின் பங்களாவிலும் விளக்கெரிந்தது. அதே ஓடையில் நீர் முகந்த தொழிலாளியின் லயன் காம்பிராவிலோ குப்பி விளக்கே புகைந்தது. பின்னர் தேசிய மின்கம்பிகள் மலையேறியதும் அப்பொறிகளுட் பெரும்பாலானவை கைவிடப்பட்டுத் துருவேறின.

1976இல் உக்குவெலையில் பெரிய மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே அங்கு வந்து சேர்கின்றது. ஆயினும் அதன் மின்சாரம் நாட்டின் பொது வலைக்கே சென்றது. மலைமடிப்புகளில் ஒதுங்கிய சிற்றூர்களுக்குக் கம்பி வரப் பல்லாண்டுகள் சென்றன.

அவ்வூர்கள் என் செய்யும்? 1990களில் இலங்கையின் மலைப்புறங்களிற் கிராமிய நீர்மின் திட்டங்கள் பரவின. விநாடிக்கு 20 லீற்றர் நீர் 80 மீற்றர் உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கினால், உராய்வும் பிற இழப்பும் போக, ஏறக்குறைய 8 கிலோவாற்று கிட்டும். நாற்பது வீடுகளுக்குப் பங்கிட்டால் வீடொன்றுக்கு 200 வாற்று. விளக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் இதற்குள் அடங்கும். மின்னழுத்தியைச் செருகினால் அயல்வீட்டு விளக்கு மங்கும், சண்டையும் மூளும். ஆதலின் மின் நுகர்வோர் சங்கம் கூடி விதி செய்தது. வாய்க்கால் வெட்டியதும் குழாய் சுமந்ததும் சிரமதானமே. மாதச்சந்தாவும் ஊரவரே இறுத்தனர்.

இதனால் விளைந்த நன்மைகள் எளியவை, ஆயினும் பெரியவை. மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது. தொலைக்காட்சிக்கெனக் கார் மின்கலத்தைச் சுமந்து பட்டினம் சென்று மின்னேற்றும் தொல்லை நீங்கிற்று. பிள்ளைகள் புகையின்றிப் படித்தனர். மழையற்ற மாதங்களில் வயலுக்கும் பொறிக்கும் ஒரே நீர் வேண்டியிருந்தமையால், பகலில் வயலுக்கு, இரவில் பொறிக்கு எனப் பல இடங்களில் உடன்பாடு கண்டனர். மேட்டுக்காடு அழிந்தால் ஓடை வற்றும். ஓடை வற்றினால் வீட்டில் இருள் சூழும். காட்டைக் காக்க வேண்டும் என்பதற்கு இதனிலும் தெளிவான காரணத்தை எந்த அதிகாரியும் ஊராருக்குச் சொல்லியிருக்க இயலாது.

பொதுக்கம்பி வந்தபின் பல சங்கங்கள் கலைந்தன. தோட்டப் பொறிகளின் கதியே இவற்றையும் அடைந்தது. மிகச் சில மட்டுமே தம் மின்சாரத்தை அக்கம்பிக்கே விற்கும் நிலையை எய்தின.

விற்பனைக்கென்றே எழுந்தவை வேறு. 1990களின் பிற்பகுதி முதல், 10 மெகாவாற்று வரையிலான நிலையங்களைத் தனியார் அமைத்து மின்சார சபைக்கு விற்கலாயினர். இவையும் சிறியவை என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் தடுப்பணைக்கும் பொறிநிலையத்துக்கும் இடையே ஆற்றின் ஒரு பகுதி நீரிழக்கின்றது. அங்கே குளிப்பவரும் துவைப்பவரும் உளர், மீன்களும் உள. களு கங்கையில் இல்லுக்கும்புரவை அண்டி வாழும் கெண்டையினச் சிறுமீன் ஒன்று 1985இலேயே அறிவியலார் பெயர் பெற்றது. அம்பன் கங்கைப் படுகையே அதற்குத் தாயகம். 2010இல் உலக மரபுரிமைச் சின்னமான மலைக்காட்டின் நீரை அருந்தும் உயிர் அது.

எனவே அணையின் கீழே குறித்த அளவு நீரை எந்நாளும் விடவேண்டும் என நிபந்தனை விதிக்கப்படுகின்றது. வறட்சியில் அந்நீரையும் குழாய்க்குள் திருப்பினால் வருவாய் சற்றே கூடும். அது விடப்படுகின்றதா என்பதை நாள்தோறும் காணக்கூடியவர் கரையில் வாழும் ஊரவரே; அந்நிலையத்தில் அவர்க்குச் சங்கமும் இல்லை, பங்கும் இல்லை.