கலாநிதிப் பட்டமும் அகழ்வுக் குழியும்

புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதி மண்டபக் கூட்டங்களுக்குச் சென்று பழகியோர் அறிவர்: பேச்சாளரின் பெயருக்கு முன் 'கலாநிதி' என்றிருந்தால் சபை அடங்கிவிடும். எத்துறையில் கலாநிதி என்று எவரும் கேட்பதில்லை. இந்தியாவின் அயோத்தி வழக்கில் அக்கேள்வியை நீதிமன்றமே கேட்டது.

1992 டிசெம்பர் 6இல் இடிக்கப்பட்ட பாபர் மசூதிக்குக் கீழே முன்னர் கோயில் இருந்ததா என்பதே சர்ச்சை. இடிப்புக்கு முந்திய ஆண்டில் ஆர்.எஸ். சர்மா, அதர் அலி, டி.என். ஜா, சூரஜ் பான் ஆகிய நால்வர், கோயில் இருந்ததற்குச் சான்றில்லை என அறிக்கை வெளியிட்டனர். பழைய நூல்களில் என்ன உண்டு, என்ன இல்லை என்று கூற அவர்களுக்குப் பூரண தகுதி இருந்தது. ஆயினும் மண்ணடுக்கை வாசிப்பது வேறொரு தொழில். நால்வரில் சூரஜ் பான் ஒருவரே தொல்லியலாளர்.

பின்னர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் சாட்சியமளித்த வேறு சில பேராசிரியர்களின் நிலை இதிலும் சங்கடமானது. பத்திரிகைச் செய்திகளையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கொண்டே கருத்துரைத்ததாகக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதியரசர் சுதீர் அகர்வால் இதனைக் கடுமையாகச் சாடினார்.

மறுதரப்பும் சளைத்ததல்ல. சிந்துவெளி நாகரிகம் வேதகாலத்ததே என்று நிறுவக் குதிரை தேவைப்பட்டது. கணிதமும் பொறியியலும் கற்ற என்.எஸ். ராஜாராம் 2000ஆம் ஆண்டில் இணைந்து வெளியிட்ட நூலில் குதிரை முத்திரையும் கிடைத்துவிட்டது! அது உடைந்த எருது முத்திரையின் திருத்தப்பட்ட படமே என்று மைக்கேல் விட்செலும் ஸ்டீவ் ஃபார்மரும் அதே ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவரும் 'ஃபிரண்ட்லைன்' சஞ்சிகையில் எடுத்துக்காட்டினர்.

அயோத்தியில் நீதிமன்ற ஆணைப்படி 2003இல் அகழ்ந்த இந்தியத் தொல்லியல் துறை, மசூதிக்குக் கீழே பெரிய கட்டடமொன்றின் எச்சங்கள் உள்ளன என்றது. மசூதி கட்டுவதற்காக அது இடிக்கப்பட்டதா என்பதற்கு அவ்வறிக்கை விடை கூறவில்லை. ஆனால் குழியைக் காணாதோர் இரு தரப்பிலும் அதற்கான விடையை மேடைதோறும் கூறிவந்தனர்.

2019 நவம்பர் 9இல் உச்ச நீதிமன்றம், அந்நால்வரின் அறிக்கையை வெறும் அபிப்பிராயம் என ஒதுக்கியது. தொல்லியல் முடிவைக் கொண்டு மட்டும் காணி உரிமையைத் தீர்மானிக்க இயலாது என்றும் கூறியது. மசூதி இடிப்புச் சட்டவிரோதம் என்று கண்டபோதும், நிலம் கோயிலுக்கே வழங்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு வேறிடத்தில் 5 ஏக்கர் வழங்குமாறு கட்டளையிடப்பட்டது.