சீத்தாப்பழம் ஏன் கோணலாச்சு?

திருவண்ணாமலை செங்கம் சாலை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி நிறைய சீத்தாப்பழம். அருகே அதை விற்கும் ஆயா. மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு வண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னோடு வந்த அண்ணன் மகள் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் நல்ல உருண்டை. மறுபக்கம் கட்டைவிரலால் அமுக்கின மாதிரி சப்பை.

"ஆயா, இது ஏன் கோணலா இருக்கு?"

"கோணலா இருந்தா என்னா கண்ணு? ருசியில கோணல் இல்ல, எடுத்துக்கோ!"

ஆயா சொன்னது சரிதான். ஆனால் கேட்ட கேள்வியும் நல்ல கேள்விதான். அதற்குப் பதில் பழத்தில் இல்லை, பூவில் இருக்கிறது.

சீத்தாப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? இலையோடு இலையாய்ப் பச்சை நிறம். தடித்த மூன்று இதழ்கள். தலைகவிழ்ந்து தொங்கும். மாம்பூவுக்குள் விதை உண்டாகும் சூற்பை ஒன்றே ஒன்றுதான். அதனால் மாம்பழத்தில் ஒரு கொட்டை. சீத்தாப் பூவிலோ பல சூற்பைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மகரந்தம் கிடைத்த ஒவ்வொன்றும் வீங்கி வளரும். பழத்தின்மேல் நீங்கள் தடவிப் பார்க்கும் ஒவ்வொரு புடைப்பும் ஒரு சூற்பை!

இதில் ஒரு சிக்கல். பூ மலரும்போது முதலில் பெண் பாகம்தான் தயாராகும். மகரந்தம் பிறகுதான் உதிரும். அதற்குள் பெண் பாகம் காய்ந்துவிடும். ஆகவே, முன்பே மலர்ந்த வேறொரு பூவிலிருந்துதான் மகரந்தம் வந்தாக வேண்டும். யார் கொண்டு வருவது? கடுகளவே இருக்கும் குட்டி வண்டுகள். அவை உரசாமல் விட்ட பக்கம் சூற்பைகள் வளராது. பழம் அந்தப் பக்கம் சப்பையாகிவிடும். வண்டு போதாத தோப்புகளில் விவசாயிகளே தூரிகையால் மகரந்தம் தடவுவதும் உண்டு.

பலாப்பழம் இன்னும் வேடிக்கை. அது ஒரே ஒரு பூவிலிருந்து வருவதில்லை. ஒரு தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பூக்கள். ஒரு சுளை என்றால் ஒரு பூ. சுளைகளுக்கு நடுவே நாம் பிய்த்துப் போடும் நார்? மகரந்தம் கிடைக்காத பூக்கள்!

இந்த மரங்கள் ஊர் சுற்றுவதிலும் கெட்டிக்காரர்கள். பலா நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். சீத்தா, பெயரில்தான் நம்மூர். தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. இரண்டும் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளைகின்றன. வறண்ட காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுச் சீத்தா பாறை நிலத்திலும் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் நிறைந்த இடத்தில் என்ன செய்வார்கள்? வியட்நாமில் மேகாங் ஆறு கடலில் கலக்கும் டெல்டாவில் பலா, மா, முள்சீத்தா எல்லாம் உண்டு. அங்கே நீர் தேங்கினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும். அதனால் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை மேடாகக் குவித்து, மேட்டின்மேல் மரம் நடுகிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்: அடுத்த முறை சீத்தாப்பழம் வாங்கினால், சப்பைப் பக்கம் எத்தனை விதை, உருண்டைப் பக்கம் எத்தனை விதை என்று எண்ணுங்கள். எண்ணியதும் கையைக் கழுவிவிடுங்கள். விதையை நசுக்க வேண்டாம். அதன் பொடி கண்ணில் பட்டால் ஆபத்து.

அண்ணன் மகள் அடுத்த பழத்தைப் பொறுக்கி எடுத்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் உருண்டை.

"அத்தை, இந்தப் பூவுக்கு நிறைய வண்டு வந்திருக்கு!"

ஆயா வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டா? எங்க கண்ணு?" என்றார்.