நெறியாளரும் தேர்வாளரும்

முதுநிலைப் பட்டத்திற்கு எழுதப்பெறும் ஆய்வேட்டின் முகப்பில் மாணவரின் பெயரே பெரிய எழுத்தில் விளங்கும். முகப்பைத் திருப்பினால் நெறியாளரின் சான்றிதழ் ஒன்று காணப்படும். இவ்வாய்வு என் மேற்பார்வையில் இம்மாணவரே செய்தது, வேறு எப்பட்டத்திற்கும் முன்னர் அளிக்கப்பெறாதது என்பது அதன் கருத்து. அதன் கீழ் ஒரு கையொப்பம். அக்கையொப்பம் எத்தகைய பொறுப்பை ஏற்கின்றது, அதே ஏட்டைப் பின்னர் எடைபோடும் தேர்வாளரின் கடமை யாது என்பவற்றைக் குறித்து நேயர்களிடம் சில சொல்ல விழைகின்றேன்.

நான் பல்கலைக்கழகப் பேராசிரியன் அல்லன். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் எம்.எட். பட்டத்திற்கு ஆய்வேடு எழுதியவன். பிற்காலத்தில் வினாநிரலும் கையுமாக வந்த எம்.எட். மாணவர் பலர்க்கு எம் பள்ளியின் வகுப்பறைகளைத் திறந்துவிட்டவன்.

நெறியாளரின் முதல் வேலை தலைப்பைக் குறுக்குவது. புதிதாக வரும் மாணவர் 'மாணவரின் கற்றல் ஊக்கம்' என்று கடலளவு தலைப்போடு வருவார். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை பள்ளி, எதைக் கொண்டு அளப்பாய் என்று கேட்டுக் கேட்டு, அதனை 'ஒன்பதாம் வகுப்பினரின் வீட்டுப்பாடப் பழக்கமும் கணக்குப் பாட அடைவும்' என்னும் அளவிற்குக் கொணர்தல் வேண்டும். பின்பு வினாநிரலைச் சிறு குழுவிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்க்கச் செய்வது, மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்வது, இயல் இயலாகப் படித்துக் குறை சுட்டுவது என அவர் பணி தொடரும். சுட்டுவது என்றேன், திருத்தி எழுதுவது என்று சொல்லவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வரப்பு மிகச் சிறியது. அதனை என் நெறியாளர் ஒருமுறை கடந்தார். கடந்தது என்பால் கொண்ட அன்பினாலே.

1988ஆம் ஆண்டு. எம்.எட். அப்பொழுது ஓராண்டுப் படிப்பு. 2015ஆம் ஆண்டிலேதான் இரண்டாண்டாக விரிந்தது. நாள் நெருங்கிவிட்டது. தட்டச்சு நிலையத்தில் மூன்று படிகளுக்குக் கார்பன் தாள் வைத்து அடிக்க முன்பணம் கொடுத்தாகிவிட்டது. புள்ளியியல் இயல் மட்டும் எனக்கு வசப்படவில்லை. என் நெறியாளர் ஓர் இரவு அமர்ந்து அவ்வியலைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். யான் அதைத் தட்டச்சுக்கு அனுப்பினேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் ஏட்டைப் புரட்டி ஒரே வினாவைக் கேட்டார்: "அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என மூன்று குழுக்களை ஒப்பிட்டிருக்கின்றீர். டி-சோதனையை மும்முறை செய்ததேன்? எஃப்-சோதனையை ஒருமுறை செய்திருக்கலாகாதா?" எனக்கு விடை தெரியவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் 100க்கு 5 என்னும் பிழைவாய்ப்பை ஏற்றுக்கொண்டால், மும்முறை செய்யும்போது எங்கேனும் ஒன்றில் பிழைபடும் வாய்ப்பு ஏறத்தாழ 100க்கு 14 வரை உயர்ந்துவிடும் என்பதைப் பின்னரே கற்றேன். அந்த அறையில் நான் வாய்திறவாது நின்றேன். பக்கத்தில் அமர்ந்திருந்த என் நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடை அவர்க்குத் தெரியும். ஆனால் அவர் பேசுதல் தகாது. தேர்ச்சி பெற்றேன், குறைந்த மதிப்பெண்ணோடு. அம்மதிப்பெண் நியாயமானதே என்பதை ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

நெறியாளர் ஒருவரே மதிப்பெண்ணும் இட்டால் என்ன என்று கேட்பாருளர். மாணவரின் உழைப்பை அருகிருந்து கண்டவர் அவரே அன்றோ? உண்மைதான். ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மேலும் ஏட்டிலுள்ள குறையிற் பாதி நெறியாளரின் குறையாகவும் இருக்கக்கூடும். தம் குறையைத் தாமே எடைபோடுவது யார்க்கும் அரிது. ஆகவேதான் புறத்தேர்வாளர் ஒருவர் வேண்டப்படுகின்றார். இருவர் இடும் மதிப்பெண் மிகவும் வேறுபட்டால் மூன்றாமவர் ஒருவரிடம் ஏட்டை அனுப்பும் வழக்கமும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இம்முறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அரங்கேறியபோது அதனைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்று சிறப்புப்பாயிரம் கூறும். தொல்காப்பியர்க்குக் கற்பித்தவர் அகத்தியர் என்பது வழிவழி வரும் செய்தி. கற்பித்தவர் ஒருவர், கேட்டு ஆராய்ந்தவர் மற்றொருவர்.

ஆனால் புறத்தேர்வாளரும் தம் கடமையில் தவறுவதுண்டு. காலை வண்டியில் வந்து, இருபது ஏடுகளை நண்பகலுக்குள் முடித்து, மாலை வண்டியைப் பிடிப்பவர் எதைப் படித்திருப்பார்? அட்டையின் பொன்னெழுத்தைத்தான். அத்தகையோரினும், என்னைத் தலைகுனிய வைத்தவரே மேலானவர். அவர் என் நான்காம் இயலைப் படித்திருந்தார்.

இக்காலத்தில் சொற்களவைக் கண்டறியக் கணிப்பொறி வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகள் முதுநிலை ஏட்டையும் உள்ளடக்கியவை. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. 40 வரை ஆயின் ஆறு மாதத்திற்கு மேற்படாத காலத்துள் திருத்தி அளித்தல் வேண்டும். 60 வரை ஆயின் ஓராண்டிற்குத் திருத்திய ஏட்டை அளித்தல் இயலாது. அதற்கும் மேற்படின் பதிவே நீக்கப்பெறும். ஏடு களவற்றது என்று நெறியாளரும் சான்று தரல் வேண்டும். நல்ல ஏற்பாடே. எனினும் அக்கருவி திருடிய வாக்கியத்தைக் காணுமே அன்றி, கற்பனையாக இட்ட எண்ணைக் காணாது. அதைக் காணக்கூடியவர் நெறியாளர் ஒருவரே. அதுவும் நிரப்பிய வினாநிரல்களைக் கட்டோடு வாங்கிப் பார்த்தால்தான்.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் மாணவி ஒருவர் வந்தார். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் 40 பேரிடம் விடை பெற இசைவு கேட்டார், தந்தேன். அன்று காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் வருவதாகச் சொல்லிச் சென்றவர் வரவில்லை. ஒரு வாரங்கழித்து, 40 வினாநிரல்களும் பெறப்பட்டன என்னும் சான்றில் என் கையொப்பம் வேண்டி நின்றார். கட்டைப் பார்க்கலாமா என்றேன். எல்லாத் தாளிலும் ஒரே நீல மை. குறியீடுகள் யாவும் ஒரே சாய்வு. ஒரு வினாவேனும் விடுபடவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரு வினாவையும் விடாமல் எழுதியதை என் பணிக்காலத்தில் நான் கண்டதே இல்லை.

அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. கையொப்பமும் இடவில்லை. "உன் நெறியாளர் இத்தாள்களைப் பார்த்தாரா, அம்மா?" என்று மட்டும் கேட்டேன். "அட்டவணையை மட்டும் கேட்டார், ஐயா" என்றார். அவர் முன்னிலையிலேயே நெறியாளருடன் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. பிறகு, "நாளை நானே வருகின்றேன்" என்றார்.

வந்தார். மாணவியும் அவரும் இரண்டு நாள் வகுப்பறையில் அமர்ந்து, விளங்காத வினாவைப் பிள்ளைகளுக்கு விளக்கி, விடைகளைப் பெற்றுச் சென்றனர். அவ்வேட்டின் படியொன்றை எம் பள்ளி நூலகத்திற்கு அனுப்பியிருந்தனர். 40 பேரில் 9 பேர் சில வினாக்களை விடுத்தனர் என்றும், அவர்தம் விடைகளை எவ்வாறு கணக்கிற் கொண்டனர் என்றும் மூன்றாம் இயலில் ஒரு பத்தி இருந்தது.