இசைப்பெட்டிக்கு எவ்வளவு, எதற்கு?

பொகவந்தலாவைத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், பழைய இசைப்பெட்டியை மாற்றும் எண்ணம் பல லயங்களில் எழுவதுண்டு. முற்பணமோ பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படும் கடன். ஆதலின் அதனைப் பகிர்வதில் நிதானம் வேண்டும்.

கடைக்காரர் முதலில் எடுத்துரைப்பது 'வாட்ஸ்' கணக்கையே. 100 வாட்ஸ் அம்பிளிபயர் 50 வாட்ஸைவிட இருமடங்கு முழங்கும் என்று நம்புதல் இயல்பு. உண்மையில் மிகுவது 3 டெசிபெல் மட்டுமே. செவிக்கு அது சிறிது. ஓசை இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். சிறிய லயக் காம்பிராவுக்கு அத்துணை முழக்கம் எதற்கு? சுவருக்கு அப்பால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உண்டல்லவா!

மின்னோட்டத்தைக் காற்றதிர்வாக மாற்றுவது ஒலிபெருக்கி. நாதஸ்வரத்தின் இழைவும் தவிலின் அழுத்தமும் பெரிதும் அதனையே பொறுத்தவை. எனவே பத்துப் பங்கில் ஐந்தேனும் அதற்கு ஒதுக்குதல் தகும்; அம்பிளிபயருக்கு மூன்று, ஏனையவற்றிற்கு இரண்டு. பழைய அம்பிளிபயர் பழுதின்றி இயங்குமாயின், 'ஓம்' அளவு பொருந்துகிறதா என்று பார்த்து, முழுத் தொகையையும் ஒலிபெருக்கிக்கே செலவிடலாம். அதனை மூலையிலிருந்து சற்று விலக்கி, எதிர்ச்சுவரில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் இரைச்சல் தணியும், இதற்குச் செலவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் எந்தக் கருவியும் தோற்கும்.

வானொலியே முதன்மையான விருப்பமெனின் கணக்கு மாறும். எப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. மலைகள் அவற்றை மறைக்கும். அவ்வாறாயின் கூரைமேல் நிறுத்தும் ஏரியலுக்கே முதற்பங்கு. இடியோசை நெருங்குமுன் அதன் கம்பியையும் மின்செருகியையும் கழற்றிவிடல் வேண்டும்.